மருந்துக்கு முன்னே ஒரு பார்வை: அரியாங்குப்பத்து வீடுகளும் கறையானும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் முருங்கப்பாக்கம் தாண்டி ஆற்றுப்பாலம் ஏறி இறங்கினால் அரியாங்குப்பம். செஞ்சிப் பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணி கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை ஊருக்கு வடக்கே அரியாங்குப்பம் ஆறாகவும், மற்றது தெற்கே நோணாங்குப்பத்தை ஒட்டிச் சுண்ணாம்பாறாகவும் ஓடுகிறது. கிழக்கே வீராம்பட்டினத்துக் கடல். இரண்டு ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள இந்த மண் மணலும் வண்டலும் கலந்தது. பல இடங்களில் நிலத்தடி நீர் கொஞ்ச ஆழத்திலேயே இருக்கிறது. தென்னந்தோப்பும் சவுக்குத் தோப்பும் நெல்வயலுமாக இருந்த நிலம் மனைகளாகப் பிரிந்து, மாடி வீடுகளாக எழுந்து, அவற்றில் பல ஏதாவதொரு காலத்தில் வாடகைக்கும் போகின்றன. கறையானுக்கு வேண்டியது ஈரம், இருட்டு, மரச்சத்து. இந்த மூன்றும் இங்கே குறைவில்லாமல் கிடைக்கின்றன.

அதனால் "கறையான் மருந்து" என்ற பேச்சு இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. யாரிடம் மருந்து அடிப்பது, எவ்வளவு ஆகும், எத்தனை வருஷம் தாங்கும் என்று விசாரிக்கிறார்கள். அதற்கு முந்தின கேள்வியை யாரும் கேட்பதில்லை: வீட்டை யார் பார்த்தார்கள்? எந்தக் கறையான், எந்த வழியாக, எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று சோதித்துச் சொன்னது யார்? மருந்து விற்க வந்தவரே பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்வதைத்தான் நாம் சோதனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் ஊரில் மருந்துக்குப் பஞ்சமில்லை, பார்ப்பவருக்குத்தான் பஞ்சம் என்பதே என் கருத்து. வாடகை வீட்டில் அந்தப் பஞ்சம் இன்னும் மோசம்.

முதலில் கறையானைச் சரியாகத் தெரிந்துகொள்வோம். அது எறும்பு இனமில்லை. கரப்பான் பூச்சிக்கு நெருங்கிய உறவு என்று இன்றைய உயிரியல் வகைப்படுத்துகிறது. இந்தியாவில் சுமார் 300 வகைக் கறையான்கள் இருக்கின்றன. வீட்டுக்கும் பயிருக்கும் கேடு செய்பவை அவற்றில் சிறு பகுதிதான். வயல்வரப்பில் ஆளுயரத்துக்குப் புற்று எழுப்பும் ஓடோன்டோடெர்மஸ் வகை, கூட்டுக்குள் பூஞ்சை வளர்த்து அதைத் தின்கிறது. மழைக்குப் பிறகு நாம் பறித்துக் குழம்பு வைக்கும் புற்றுக்காளான் அந்தப் பூஞ்சையின் குடைதான். கட்டடத்துக்குள் நுழைந்து நாசம் செய்வதில் பேர்போனவை காப்டோடெர்மஸ், ஹெட்டெரோடெர்மஸ் வகைகள். இவை புற்று எழுப்பாமல் மண்ணுக்குள்ளிருந்தே வந்து, சுவரோரம் பென்சில் பருமனில் மண்கோடு இழுத்து, அந்தக் குழாய்க்குள் நடந்து மரத்தைச் சேரும். இன்னொரு வகை உலர்மரக் கறையான். இதற்கு மண்ணே வேண்டாம். ஈசலாகப் பறந்து வந்து கதவிலோ கட்டிலிலோ நேரே குடியேறும். கடலோர ஊர்களில் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இந்த வேறுபாடு பாடப்புத்தகத்தோடு நிற்பதில்லை, பணத்தையும் தொடும். உலர்மரக் கறையான் அரிக்கும் நிலைக்கதவுக்காகத் தரையெல்லாம் துளைபோட்டு மருந்து ஊற்றினால் அந்தப் பணம் வீண். அடையாளம் எளிது. மண்கோடு இருந்தால் மண்ணுக்கடியிலிருந்து வந்தது. மண்ணே இல்லாமல், மரத்தடியில் கசகசா போல ஆறு பட்டையுள்ள சிறு மணிகள் குவிந்திருந்தால் உலர்மரக் கறையான். பவுடர் போல நைசான மாவு கொட்டினால் அது கறையானே இல்லை, வண்டு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் விலை சொல்கிறவரிடம் வீட்டை ஒப்படைக்கக் கூடாது.

கறையானை முதன்முதல் அறிவியல் கண்ணோடு பார்த்து எழுதியவர்களில் ஒருவர் நம் கரையிலேயே இருந்தார். இயற்கையியலாளர் லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக், 1768-இல் டேனிஷ் மிஷன் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். கறையானின் வாழ்க்கையை ஆராய்ந்து அவர் எழுதிய ஜெர்மன் கட்டுரை 1779-இல் பெர்லினில் அச்சானது. ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றி ஹென்றி ஸ்மீத்மன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்கு இரண்டு ஆண்டு மூத்தது அது. ஈசல் கிளம்பும் காலத்தில் புற்றின் ஒரு பக்கம் புகைமூட்டி, மறுபக்கம் பானை வைத்து மக்கள் ஈசல் பிடிப்பதையும் அவர் குறித்திருக்கிறார். பார்த்த பிறகே பேசுவது என்ற ஒழுக்கம் இந்தக் கரைக்குப் புதியதில்லை என்பதற்காகவே அவரை இங்கே நினைக்கிறேன்.

பழைய வீடுகளில் கறையான் ஏன் மெதுவாக வந்தது? அன்றும் மண் இதே மண்தான், மரம்தான் வேறு. வைரம் பாய்ந்த பனைவாரையையும் தேக்கின் உள்மரத்தையும் கறையான் எளிதில் தொடாது. தேக்கின் வைரத்தில் இயல்பாகவே பூச்சியை விரட்டும் வேதிப்பொருள் இருக்கிறது. அதே தேக்கின் வெளிப்புற வெள்ளைப் பகுதிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆசாரிகள் வெள்ளையைச் செதுக்கித் தள்ளிவிட்டு வைரத்தை மட்டும் எடுத்தது இதனால்தான். சவுக்குக் கழியை நடுமுன் அடிப்பாகத்தைத் தீயில் வாட்டினார்கள், தார் பூசினார்கள். முந்திரிக்குப் பேர்போன பண்ருட்டி பக்கத்திலேயே இருக்கிறது. முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் மரத்துக்கும் படகுக்கும் நல்ல காப்பு. கையில் பட்டால் தோல் வெந்துபோகும் என்பதால் அதைப் பழகியவர்தான் பூச வேண்டும்.

இன்று வீட்டுக்குள் வருவது பிளைவுட்டும் அழுத்தப் பலகையும் ரப்பர் மரமும். சமையலறை அலமாரி, லாஃப்ட் கதவு, டிவி ஸ்டாண்ட் எல்லாம் இவைதான். காப்பு மருந்து ஏற்றிய பிளைவுட்டுக்கென்று ஐஎஸ் 5539 என்று தனித் தரம் இருக்கிறது. கடையில் அதைக் கேட்டு வாங்குகிறவர் அரிது. அதற்கு மேல் கட்டும்போது நடக்கும் அலட்சியம். சென்ட்ரிங் பலகைத் துண்டு, மரக்குச்சி, சிமென்ட் காகிதப்பை எல்லாவற்றையும் தரைக்கடியில் தள்ளி மண்மூடி அதன்மேல் தளம் போடுவது. தோப்பை மனையாக்கும்போது தென்னை, சவுக்கின் அடிக்கட்டையையும் வேரையும் பிடுங்காமல் மண்ணடித்து மேடாக்குவது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இந்தக் கரையில் சாய்த்த மரங்களின் வேர்கள் எத்தனை மனைகளுக்கடியில் அப்படியே கிடந்தன என்று நினைத்துப் பாருங்கள். வீடு எழும்முன்பே கறையானுக்குப் பந்தி போட்டாகிவிட்டது.

இனி மருந்து. கட்டடங்களில் கறையான் தடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 6313. அதன் முதல் பாகம் கட்டுமான முறையிலேயே தடுப்பதைச் சொல்கிறது. இரண்டாம் பாகம் கட்டும்போது மண்ணுக்கு மருந்திடுவது, மூன்றாம் பாகம் கட்டி முடித்த வீட்டுக்குச் செய்வது. ஒரு காலத்தில் இந்த வேலைக்கு ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் ஊற்றினார்கள். மண்ணிலும் உடலிலும் பல்லாண்டு தங்கும் நஞ்சு என்பதால் 1996-இல் மூன்றும் இந்தியாவில் தடைசெய்யப்பட்டன. அவற்றின் இடத்துக்கு வந்தது குளோர்பைரிபாஸ். அதற்குப் பிறகு பைஃபென்த்ரின், இமிடாகுளோபிரிட். குளோர்பைரிபாஸுக்கு நரம்பைத் தாக்கும் குணம் உண்டு. குழந்தைகளுக்கு ஏற்படும் ஆபத்தை முன்னிட்டு அமெரிக்கா 2000-ஆம் ஆண்டிலேயே வீட்டு உபயோகத்திலிருந்து அதை விலக்கத் தொடங்கியது. 2025-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள், சில விலக்குகளோடு, அதை ஒழிக்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் சேர்த்தன. இந்த மூன்று தலைமுறை மருந்துகளின் கதையை அறிந்தவர், "வாசனையே இல்லை சார், ஒண்ணும் பண்ணாது" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட மாட்டார்.

மருந்தைவிட அளவுதான் இங்கே பெரிய ஏமாற்று. கட்டும் வீட்டில் அடித்தள மண்பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர், அஸ்திவாரச் சுவரோரம் நிரப்பும் மண்ணுக்குச் செங்குத்துப் பரப்பில் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர் கரைசல் என்பது தரம் சொல்லும் அளவு. இருபதுக்கு முப்பது அடி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 600 சதுர அடி என்பது சுமார் 56 சதுர மீட்டர். தளத்துக்கு மட்டும் 280 லிட்டர் வேண்டும். ஏற்கெனவே குடியிருக்கும் வீடானால், சுவரும் தரையும் சேரும் மூலையில் 30 சென்டிமீட்டருக்கு ஒரு துளை, 12 மில்லிமீட்டர் பருமனில். இனி ஏற்காது என்னும் வரை, அல்லது துளைக்கு 1 லிட்டர் வரை மருந்து செலுத்த வேண்டும். அதே வீட்டின் சுற்றுச்சுவர் 100 அடி, அதாவது 30 மீட்டருக்கு மேல். உட்பக்கத்தில் மட்டும் நூறு துளை ஆகிறது. நடுச்சுவர்களுக்கு இரு பக்கமும் தனிக்கணக்கு. நம் மணல் மண் தயங்காமல் குடிக்கும் மண், ஆகவே 100 லிட்டரை ஒட்டியாவது உள்ளே போக வேண்டும். இமிடாகுளோபிரிட் 30.5 சதவீத மருந்தானால் லிட்டருக்கு 2.1 மில்லி என்ற கணக்கில் 210 மில்லி. முதுகில் ஒரு பத்து லிட்டர் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு வந்து, அரைமணி நேரத்தில் மூலைமுடுக்கெல்லாம் தெளித்துவிட்டு, ஐந்து வருஷ உத்தரவாதச் சீட்டு எழுதிக் கொடுத்துப் போனால் அங்கே நடந்தது கறையான் சிகிச்சை ஆகாது. வீட்டுக்காரர் செய்யக்கூடியது மிகச் சாதாரணம். சீல் உடையாத பாட்டிலைக் கண்ணெதிரே திறக்கச் சொல்வது, எத்தனை வாளி கரைத்தார்கள் என்று எண்ணுவது, துளைகளைச் சிமென்ட் வைத்து அடைத்தார்களா என்று பார்ப்பது.

உரிமமும் கேட்க வேண்டும். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழுள்ள விதிகளின்படி, கட்டணம் வாங்கிக்கொண்டு பூச்சிமருந்து வேலை செய்பவர் உரிமம் வைத்திருக்க வேண்டும். அவரிடம் வேளாண்மைப் பட்டமோ, வேதியியல் படித்த அறிவியல் பட்டமோ பெற்று, உரிய நிறுவனத்தில் பயிற்சி முடித்த ஒருவர் இருக்க வேண்டும். தெருவோரம் மாட்டியிருக்கும் போர்டில் கைபேசி எண் தவிர வேறெதுவும் இல்லையென்றால் அந்த எண்ணை அழைக்காமலிருப்பதே நல்லது.

அரியாங்குப்பத்துக்கென்று தனியாக ஒரு கவலை உண்டு. மனைகள் சிறியவை. பின்வாசலை ஒட்டியே அடிபம்போ போரோ கிணறோ இருக்கும். மணலில் இறங்கும் நஞ்சு ஆழம் அதிகமில்லாத நீரைத் தொட அதிக நாள் ஆகாது. கிணறும் ஊற்றும் கெடாதபடி வேலை செய்ய வேண்டும் என்று தரமே எச்சரிக்கிறது. குளோர்பைரிபாஸும் பைஃபென்த்ரினும் மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம். இமிடாகுளோபிரிட் நீர்ப்பூச்சிகளையும் தேனீயையும் கொல்லும். இந்த ஊரின் சாக்கடையும் மழைநீரும் கடைசியில் போய்ச் சேருவது மீன்பிடிக்கும் கழிமுகத்தில். எஞ்சிய கரைசலை வாய்க்காலில் கொட்டுவதும், தெளிப்பானை அடிபம்பிலேயே அலசுவதும் பக்கத்துத் தெரு மீனவர் சோற்றில் கைவைப்பதுதான். இதைச் சிறு குற்றமாக என்னால் நினைக்க முடியவில்லை.

குடிநீர்க் கிணற்றை ஒட்டிய சுவருக்கு மண்மருந்து வேண்டாம் என்று நான் துணிந்து சொல்வேன். அங்கே வேறு வழிகள் உண்டு. கசிவை அடைப்பது, சுவரோரப் பூச்செடித் தொட்டியையும் விறகடுக்கையும் தள்ளி வைப்பது, அரித்த மரத்தை மாற்றிப் போரேட் உப்புக் கரைசல் ஏற்றிய மரத்தை வைப்பது, நிலையே கல்லிலோ சிமென்டிலோ இரும்பிலோ போடுவது. கறையானின் தோல் புதுப்பிப்பைத் தடுக்கும் மருந்தை இரையில் கலந்து வைக்கும் முறையும் இருக்கிறது. கொஞ்சம் மருந்திலேயே கூட்டம் முழுவதும் அழியும். ஆனால் பொறுமையாக மாதக்கணக்கில் வந்து பார்க்க ஆள் வேண்டும். ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் குறிப்பிட்ட அளவில் உடைத்த கற்பொடியை அஸ்திவாரத்தைச் சுற்றி நிரப்புகிறார்கள். தூக்கிப் போக முடியாத அளவுக்குப் பெரியது, நுழைந்து போக முடியாத அளவுக்கு நெருக்கமானது. நஞ்சே இல்லாத வேலி. கல்குவாரிக்குப் பேர்போன விழுப்புரம் மாவட்டத்தை ஒட்டியிருக்கும் நமக்கு இதைச் சரியான சல்லடையில் சலித்துச் செய்து பார்க்க என்ன தடை என்று பொறியாளர்கள்தான் சொல்ல வேண்டும். வீட்டு மதிலுக்கு வெளியே கோயில் புற்று இருந்தால் அதை இடிக்கும் அவசரமும் வேண்டாம். புற்று கட்டும் வகைகள் பெரும்பாலும் காய்ந்த இலைதழை, பட்ட மரம், மண்ணோடு நின்றுவிடுகின்றன.

நல்ல மருந்திட்ட வீடும் நிரந்தரமாகக் காக்கப்பட்டதாகாது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தெருவெல்லாம் வெள்ளம். அப்படி வந்து படியும் வண்டல், மருந்திட்ட மண்ணின் மேலேயே புதுப்பாலம் போட்டுவிடுகிறது. பிறகு தெருவுக்குச் சாலை போடும்போது வீட்டுத் தளம் தாழ்ந்து போகிறது. உடனே வாசலில் மண்ணடித்து மேடாக்குகிறோம். குடிநீர்க் குழாய்க்கோ ஏசி வயருக்கோ சுவரோரம் தோண்டுகிறோம். ஒவ்வொன்றும் மருந்துவேலியில் ஒரு திறப்பு. உத்தரவாதச் சீட்டின் பின்பக்க நிபந்தனைகளைப் படித்தால் இவை எல்லாம் விலக்கப்பட்டிருப்பது தெரியும்.

ஆகவே வருஷத்துக்கு இரண்டு முறையாவது வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கோடைமழை பெய்து ஈசல் பறந்த பிறகு ஒரு தடவை, ஐப்பசி மழை தொடங்கியதும் ஒரு தடவை. ஈசல் வெளிச்சத்துக்கு வருவது எல்லா வீட்டிலும் நடக்கும். கதவெல்லாம் சாத்தியிருந்தும் சன்னல் விளிம்பில் இறகு உதிர்ந்து கிடந்தால்தான் ஆபத்து. அப்படியானால் அவை உள்ளிருந்தே கிளம்பியவை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் நிலைக்கதவின் அடியைத் தட்ட வேண்டும். கணீரென்றால் சரி, பொத்தென்றால் உள்ளே காலி. குளியலறை நிலை, சிங்க் அடி, மீட்டர் பலகை, படிக்கட்டுக்கடி, பரணில் கட்டிவைத்த பழைய புத்தகம் ஆகியவைதான் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். மண்கோடு கண்டால் ஆத்திரத்தில் முழுதும் சுரண்டக் கூடாது, ஒரு விரற்கடை மட்டும் உடைத்துவிட்டு ஓரிரு நாள் விட வேண்டும். அடைத்துவிட்டிருந்தால் நடமாட்டம் இருக்கிறது. அப்படியே கிடந்தால் பழைய தடமாக இருக்கலாம். உடனே ஹிட் அடிப்பதும் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் அவற்றை இன்னொரு வழிக்குத் திருப்பிவிடும், சோதிக்க வருபவருக்குத் தடயமும் மிஞ்சாது.

சொந்த வீட்டில் இதை ஒருவர் செய்துவிடுவார். வாடகை வீட்டில்தான் சிக்கல். குடியிருப்பவர் பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருக்கிறார், அல்லது ஒரு தொகை கொடுத்து ஒத்திக்கு வந்திருக்கிறார். சுவரில் மண்கோடு பார்த்தாலும் "நம்ம வீடா" என்று விட்டுவிடுகிறார். சொன்னால் அட்வான்ஸில் பிடிப்பார்களோ என்ற பயமும் உண்டு. வீட்டுக்காரர் வாடகை வாங்க வாசல் வரை வருகிறார், அல்லது அதுவும் இல்லாமல் ஜிபே. புதுச்சேரிக்கே உரிய இன்னொரு வகையும் உண்டு. உரிமையாளர் குடும்பம் பிரான்சில், வீடு வருஷத்தில் பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கும். சாவி ஒரு சொந்தக்காரரிடம். கறையானுக்கு இதைவிட நிம்மதியான இடம் எது? சுண்ணாம்பாற்றுப் பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் வீடுகளில் மூங்கிலும் கீற்றும் சவுக்கும் அழகுக்காகச் சேர்கின்றன. தங்குபவர் இரண்டே நாளில் போய்விடுகிறார். பார்ப்பதற்கு அங்கே ஆளே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, தனக்குத் தெரிந்த, குடிவருபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை உரிமையாளர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்கிறது. இயல்பான தேய்மானம் போக வீட்டை இருந்தபடி ஒப்படைப்பது குடியிருப்பவர் கடமை. உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதுவேலையை, அறிவித்தும் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். "கடமைப்பட்ட" என்ற இடத்தில்தான் முடிச்சு. ஒப்பந்தத்தில் எழுதாதவரை கறையான் யார் கடமை என்று ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். ஆகவே ஒப்பந்தத்தில் மூன்று வரி போதும். குடியேறும் நாளில் இருவரும் சேர்ந்து பார்த்த நிலை, படங்களோடு. மண்ணுக்கும் நிலைக்கும் மருந்து உரிமையாளர் செலவு. மண்கோடு கண்டால் இத்தனை நாளுக்குள் தெரிவிப்பது குடியிருப்பவர் பொறுப்பு, தெரிவித்ததற்காக அட்வான்ஸில் கைவைக்கக் கூடாது. குடியிருப்பவர் கொண்டுவந்த பிளைவுட் அலமாரி அவருடையது. ஆனால் அதை வைக்குமுன் சுவரைப் பார்த்துக்கொள்ள உரிமை வேண்டும்.

நம்மை ஆண்ட பிரான்ஸ் இந்த விஷயத்தில் பட்டுத் தெளிந்த நாடு. லா ரொஷேல் நகரின் அரசு அலுவலக ஆவணங்கள் வெளியே தடமே தெரியாமல் உள்ளுக்குள் அரிக்கப்பட்டதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கத்ரஃபாஜ் என்ற இயற்கையியலாளர் எழுதினார். கப்பலில் வந்திறங்கிய அமெரிக்கக் கறையான் அது. பிறகு 1999 ஜூன் 8-இல் கறையானுக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். வீட்டில் கறையான் கண்டால் குடியிருப்பவர் நகர மன்றத்தில் அறிவிக்க வேண்டும், குடியிருப்பவர் இல்லாவிட்டால் உரிமையாளர். அறிவிக்கப்பட்ட பகுதியில் வீடு விற்கும்போது ஆறு மாதத்துக்குள் எடுத்த சோதனை அறிக்கை இல்லையென்றால், மறைகுறைக்கான பொறுப்பிலிருந்து விற்பவர் தப்ப முடியாது. இந்தச் சட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு விதி. சோதிப்பவர் சிகிச்சை செய்பவராக இருக்கக் கூடாது. பார்ப்பவருக்கு மருந்து விற்பதில் லாபம் இல்லாதபோதுதான் "இந்த வீட்டுக்கு ஒன்றும் தேவையில்லை" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரும். வாடகைக்கு விடும்போது இந்த அறிக்கை பிரான்சிலும் கட்டாயமில்லை. அந்தக் குறையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அதே சட்டத்தை இங்கே கொண்டுவரக் காத்திருக்கவும் வேண்டாம். வேளாண்மைப் பட்டதாரிகளும் கட்டடப் பொறியாளர்களும் இந்தப் பகுதியில் வேலை தேடி அலைகிறார்கள். ஒரு சிறு பயிற்சியும் ஈரமானி ஒன்றும் இருந்தால், மருந்து விற்காமல் பார்த்து எழுதிக் கொடுப்பதை மட்டுமே தொழிலாகச் செய்யலாம். கட்டட அனுமதி கொடுக்கும்போது மனையில் அடிக்கட்டைகள் அகற்றப்பட்டனவா, கிணறு எத்தனை மீட்டரில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளைப் படிவத்தில் சேர்க்கலாம். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைத்து, எந்தத் தெருவில் எந்த வகைக் கறையான் எந்த மாதம் கண்டது என்று எழுதிவரலாம். மண்ணுக்கடியில் பல பத்து மீட்டர் போய்வரும் கூட்டத்துக்கு நம் மதில் எல்லை தெரியாது. ஒரு வீட்டுக்காரர் மட்டும் மருந்திட்டு, பக்கத்துப் பூட்டிய வீடு அப்படியே கிடந்தால் அடுத்த மழைக்கு அது திரும்பி வரும். அந்தப் பதிவேட்டில் முதலில் ஏற வேண்டியவை பூட்டிக் கிடக்கும் வீடுகள்தான். சாவி வைத்திருக்கும் சொந்தக்காரரை ஆண்டுக்கு இருமுறை அழைத்து, கதவைத் திறந்து சன்னல் விளிம்பையும் நிலையின் அடியையும் பார்க்கச் சொல்வதில் தொடங்கலாம்.